டெல்லா, எச்பியா, மக்கா? கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு கொம்பியூட்டர் திருத்தும் இடம் வைத்திருக்கிறேன். விற்பனை கிடையாது, கழட்டுவது, துடைப்பது, பூட்டுவது மட்டும். பழுதோடு வருகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள்: "புதுசு ஒண்டு வாங்கவேணும், எதை வாங்கலாம்?" பதில் சொல்ல அரை மணித்தியாலம் போய்விடும். பின்னால் நிற்பவருக்கு எரிச்சல் வரும். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்கிறவர்கள் கேட்கிற மாதிரியே எழுதிப் பதிலையும் போட்டு வைக்கிறேன். எந்தக் கொம்பனியும் எனக்குக் கொமிஷன் தருவதில்லை. ஆனால் ஒரு பலவீனம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணை, எந்தக் கொம்பனி லப்டொப் நல்லம்?

கொம்பனிப் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு கொம்பனியும் ஒரே பெயரில் இரண்டு விதமான சாமான் செய்கிறது. டெல்லில் 2025இல் பெயர்களை மாற்றும் வரை லட்டிடியூட் என்ற வரிசை இருந்தது, இன்ஸ்பிரான் என்ற வரிசையும் இருந்தது. எச்பியில் எலைட்புக், புரோபுக் ஒரு பக்கம், பவிலியன் மறு பக்கம் இருந்தன. லெனோவோவில் திங்க்பேட் ஒரு பக்கம், ஐடியாபேட் மறு பக்கம்.

முதலில் சொன்ன வரிசைகள் அலுவலகங்களுக்கு நூற்றுக்கணக்கில் விற்பதற்காகச் செய்யப்படுபவை. வாங்குகிற நிறுவனத்தில் அதைப் பராமரிக்க ஒரு ஆள் இருப்பார், அவர் கழட்டிப் பார்ப்பார், பல வருடங்களுக்கு உதிரிப்பாகம் கேட்பார். அதனால் எப்படிக் கழட்டுவது என்ற கையேட்டைக் கொம்பனியே வெளியிடும். கீபோர்டும் பற்றரியும் தனித்தனியாகக் கிடைக்கும். இரண்டாவது வரிசைகள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வடிவாகத் தெரியவும், விலைச்சீட்டில் ஆயிரம் இரண்டாயிரம் குறையவும் செய்யப்படுபவை. அதற்காக அவை எல்லாம் குப்பை என்று சொல்லவில்லை, வீட்டில் மேசையில் வைத்துப் பாவிக்க நல்ல மொடல்களும் அதில் இருக்கின்றன.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், பிணைச்சலில். மலிவு வரிசைகளில் திரையின் பிணைச்சல், பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில்தான் பூட்டப்பட்டிருக்கும். மூன்று நான்கு வருடத்தில் பிணைச்சல் இறுகும், பிளாஸ்டிக் வெடிக்கும், ஒரு நாள் திரையைத் திறக்கும்போது மூலை பிளந்துகொண்டு வரும். என் மேசைக்கு வாரம் ஒன்றாவது இப்படி வருகிறது. எல்லாக் கொம்பனியின் பெயரும் இதில் உண்டு. யாருக்கும் வெட்கமில்லை.

ஆகவே கடைக்காரரிடம் "எச்பி இருக்கா?" என்று கேட்காமல், முழு மொடல் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அதன் பிறகு கதைப்போம்.

எங்கள் அப்பா ரலி சைக்கிளைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். பெயருக்கு மதிப்பே இல்லையா?

அப்பா செய்தது சரி. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசியுங்கள். ரலிக்குப் பெடலோ அச்சோ செயினோ எந்த ஊர்ச் சந்திச் சைக்கிள் கடையிலும் கிடைத்தது. பூட்டத் தெரிந்தவரும் அங்கேயே இருந்தார். சிங்கர் தையல் மெசினும் அப்படித்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒஸ்ரின் ஏ40 காரும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடினவே, அவற்றை ஓட வைத்தது இங்கிலாந்துக் கொம்பனியா? நம்மூர் கராஜ்காரர்கள். அந்தக் கார்களின் உள்வேலை ஒரு மெக்கானிக்கின் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. பெயர் மீது இருந்த பற்றுக்கு அடியில் ஒரு கணக்கு இருந்தது: பழுதானால் இங்கேயே திருத்தலாம்.

கொம்பியூட்டருக்கும் அதே கணக்கைப் போடுங்கள், நான் எதிர்க்கமாட்டேன். என் சண்டை கணக்கை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்களோடு.

பெயர் என்பது இந்தத் துறையில் நிலையான ஒன்றும் இல்லை. ஐபிஎம் 1992இல் தொடங்கிய திங்க்பேட், 2005இல் லெனோவோ கைக்குப் போனது. கொம்பாக் என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொல்லித் திரிந்தோம். 2002இல் எச்பி அதை விழுங்கிவிட்டது. சோனி தன் வயோவை 2014இல் விற்றுவிட்டு வெளியேறியது. தொஷிபா லப்டொப்பை இரும்பு மாதிரி உழைக்கும் என்பார்கள்; அந்த வியாபாரமும் ஷார்ப்பிடம் போய், 2019இலிருந்து டைனாபுக் என்ற பெயரில் நடக்கிறது. இன்னொன்று: கடையில் பார்க்கும் பல கொம்பனிகளின் லப்டொப்புகளைச் செய்து கொடுப்பது குவாண்டா, கொம்பால், விஸ்ட்ரன், இன்வென்டெக் போன்ற தாய்வான் நிறுவனங்கள்தான். ஒரே நிறுவனம் போட்டிக் கொம்பனிகள் இரண்டுக்கும் செய்து கொடுப்பது சாதாரண விஷயம். கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடுவது, எவ்வளவு காசுக்கு எந்தத் தரத்தில் செய்யச் சொன்னார்கள், விற்ற பிறகு எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது.

எங்களிடம் இருந்த லப்டொப் பன்னிரண்டு வருடம் உழைத்தது. அதே கொம்பனியில் வாங்கினால் அதே மாதிரி உழைக்கும்தானே?

பெரும்பாலும் அந்தப் பழையது அலுவலக வரிசையாக இருக்கும், அல்லது அந்தக் காலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியதாக இருக்கும். இப்போது அதே பெயரில் மலிவானதைப் பார்த்துவிட்டு "நம்மட கொம்பனி" என்று சொல்கிறீர்கள். பழையதில் ரேம் கழட்டிப் போடலாம், ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம், பற்றரியை ஒரு பொத்தானைத் தள்ளி வெளியே எடுக்கலாம். அதனால்தான் பன்னிரண்டு வருடம் போனது; இடையில் இரண்டு தடவையாவது யாரோ உள்ளே கை வைத்திருப்பார்கள். புதியதில் ரேமை மதர்போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருந்தால், வாங்கிய நாளில் உள்ள அளவுதான் கடைசி வரைக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: ரேம் சொக்கெட்டில் இருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா? விற்பவருக்குத் தெரியாவிட்டால் மொடல் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

ஐ7 என்றால் ஐ5ஐ விடத் திறம்தானே?

இதுவும் ஒருவகைப் பெயர் மயக்கம்தான். கோர் என்பது புரொசெசருக்குள் வேலை செய்யும் பகுதி. 2016இல் வந்த ஐ7-7500யூ என்ற லப்டொப் புரொசெசரில் இரண்டு கோர்தான். அடுத்த வருடம் வந்த ஐ5-8250யூவில் நான்கு கோர். 2022இன் ஐ3-1215யூவில் ஆறு. இப்போதும் பழைய சாமான் விற்பவர்கள் "ஐ7 தம்பி, ஐ7" என்று சொல்லி அந்த இரண்டு கோர்க்காரனைத் தலையில் கட்டுகிறார்கள். வாங்குகிறவர் சந்தோஷமாகக் கொண்டுபோகிறார்.

இன்டெல்லை மட்டும் சொல்லிவிட்டு ஏஎம்டியை விடக் கூடாது. ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் 5500யூவை விடப் புதியது, பெரியது என்று தோன்றும். 7520யூவில் நான்கு கோர், 5500யூவில் ஆறு. இரண்டும் ஸென் 2 என்ற ஒரே தலைமுறை வடிவமைப்பு. 7000 வரிசைப் பெயர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஸென் 2, 3 என்றால் ஸென் 3, 4 என்றால் ஸென் 4. முதல் இலக்கம் எந்த வருடத்துச் சரக்கு என்பதை மட்டும் சொல்லும். இன்னொரு சங்கதி, 7520யூ உள்ள லப்டொப்பில் ரேம் எப்போதும் ஒட்டியே இருக்கும். அந்தப் புரொசெசர் வேறு வகை ரேமை ஏற்காது. 8ஜிபியோடு வாங்கினால் 8ஜிபிதான்.

எவ்வளவு ரேம், எவ்வளவு எஸ்எஸ்டி?

16ஜிபி, 512ஜிபி. காசு இறுக்கமென்றால் 8ஜிபி எடுத்து, பிறகு ஏற்றக்கூடிய சொக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டிக்குப் பதிலாக ஈஎம்எம்சி (மலிவான, மெதுவான சேமிப்பு) என்று போட்டிருந்தால் வேண்டாம்.

பாரிசில் இருக்கும் சித்தப்பா கோயில் திருவிழாவுக்கு வரும்போது ஒன்று கொண்டுவருகிறாராம். வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தில் லப்டொப் வாங்கும் கதையில் பாதி இதுதான். கடைக்குப் போகாமலேயே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வந்து இறங்குகிறது. சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் சித்தப்பா கடைக்குப் போவதற்கு முதல் அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு.

முதலாவது கீபோர்ட். பிரான்சில் விற்கும் லப்டொப்பில் மேல் வரிசை ஏ, இஸட் என்றுதான் தொடங்கும். இலக்கம் அடிக்க ஷிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். ஜேர்மனியிலும் சுவிஸிலும் வாங்கினால் வையும் (Y) இஸட்டும் (Z) இடம் மாறியிருக்கும். விண்டோஸில் நமக்குப் பழகிய அமைப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டையில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் வருவது ஒன்று. பார்க்காமல் தட்டத் தெரிந்தவருக்குப் பிரச்சினை இல்லை. ஓஎல் படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி. ஒரு அம்மா ஒவ்வொரு கட்டையிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் எழுதிக்கொண்டு வந்தார், பாவம். லண்டனிலோ கனடாவிலோ வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கனடாவில் மட்டும் பிரெஞ்சு எழுத்தும் சேர்ந்த கீபோர்ட் சில கடைகளில் வரும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. லப்டொப் அடாப்டரின் அடியில் 100–240 என்று போட்டிருந்தால் பயமில்லை. நுனி வயரை மாத்திரம் நம்மூர்ச் சதுரப் பின் பிளக்கோடு மாற்றினால் போதும். யாராவது பாசத்தில் டெஸ்க்டொப்பைக் கொண்டுவந்தால் பின்பக்கம் பாருங்கள். பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளாமல் செருகினால் வெடிச் சத்தம் கேட்கும், மணம் ஒரு கிழமைக்குப் போகாது.

மூன்றாவது, வாரன்டி. சில மொடல்களுக்கு உலகம் முழுக்க வாரன்டி உண்டு, பலதுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். கொண்டுவந்து மூன்றாம் மாதம் மதர்போர்ட் போனால், பாரிசுக்குத் திருப்பி அனுப்பும் செலவை யார் தருவது? சித்தப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். அலுவலக வரிசைகளில் சர்வதேச வாரன்டி கிடைக்கும் வாய்ப்பு கூட. வாங்க முதல் கொம்பனித் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது காசாகவே தரச் சொல்லுங்கள். அதைக் கேட்கத் துணிவு வேண்டும், தெரியும்.

மக்புக் வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் பாவிக்கலாம் என்கிறார்களே?

மக்புக்கைக் குறை சொன்னால் மக்புக்காரருக்குக் கோபம் வரும், புகழ்ந்தால் மற்றவர்களுக்கு. உள்ளதைச் சொல்கிறேன். 2020 கார்த்திகையில் எம்1 சிப்போடு வந்த மக்புக் எயர், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பதில் மற்றவர்களைப் பல வருடம் பின்னால் தள்ளியது. காற்றாடி இல்லை, சத்தம் இல்லை, பற்றரி ஒரு வேலைநாள் முழுக்க நிற்கும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது, அதை வைத்திருந்தவர்கள் மட்டும் நிம்மதியாக வேலை செய்தார்கள். நான் பொறாமையோடு பார்த்தேன். திருப்பி விற்கும்போதும் விலை நிற்கும்.

அடுத்த பக்கம். ரேமும் ஒட்டியது, எயரில் ஸ்டோரேஜும் ஒட்டியது. 2024 ஐப்பசி வரைக்கும் எயரின் அடிப்படை விலைக்கு 8ஜிபிதான் தந்தார்கள். பழைய எயர் வாங்கினால் இதைப் பாருங்கள். அப்பிளின் சொந்தக் கடை இலங்கையில் கிடையாது. திரையோ மதர்போர்ட்டோ போனால் கேட்கும் தொகைக்கு இன்னொரு சாதாரண லப்டொப் வாங்கலாம், அதற்கும் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். பாவிக்கும் இடத்தின் வெப்பம் 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று அப்பிளே எழுதியிருக்கிறது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே படிக்கிற பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட எல்லை. காற்றாடி இல்லாத மெசின் சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வீடியோ வெட்டுகிறவர், இசை அமைக்கிறவர், வெளிநாட்டுக் கொம்பனிக்கு வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறவர் வாங்கட்டும், காசுக்கு வேலை செய்யும். கலியாண வீட்டில் மேசையில் வைத்தால் வடிவாக இருக்கும் என்பதற்காக வாங்குகிறவரும் வாங்கட்டும். அந்தக் காரணத்தை ஒத்துக்கொண்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு எது?

எந்தப் பீடம்? அதுதான் முதல் கேள்வி, கொம்பனி அதற்குப் பிறகு. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கப் போகிறவருக்கு விண்டோஸ் வேண்டும். சொலிட்வேர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள் மக்கில் ஓடாது. ஓட்டோகாட்டுக்கு மக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸில் உள்ள எல்லாம் அதில் இல்லை. புவியியலில் ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற வரைபட மென்பொருள் தேவைப்பட்டால் அதுவும் விண்டோஸ்தான். எம் சிப் மக்கில் விண்டோஸைச் சுற்றி வளைத்து ஓட்டலாம், பரீட்சைக் காலத்தில் அந்தச் சுற்றுவழி தேவையா?

கலைப்பீடம், வணிகம், சட்டம் என்றால் வேர்ட், எக்ஸல், சூம், பிடிஎப். எதிலும் ஓடும். பாரம் குறைந்ததாக, நல்ல கீபோர்டோடு ஒன்று போதும். பெற்றார் சீட்டு எடுத்துக் கேமிங் லப்டொப் வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அதையும் செங்கல் மாதிரி அடாப்டரையும் கம்பஸ் இருக்கும் நம்மூர்த் திருநெல்வேலிக்குச் சைக்கிளில் சுமக்கிறது.

கொழும்பில் விலை குறைவு. அங்கே வாங்கட்டுமா, இங்கே வாங்கட்டுமா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு மாடி ஏறி இறங்கினால் பத்துக் கடை விலை கேட்கலாம், உண்மைதான். ஆனால் வாரன்டிக் காலத்தில் பழுது வந்தால் என்ன செய்வீர்கள்? சுமார் 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய், விடியக் கடை திறக்கும் வரை காத்திருந்து, "விட்டுட்டுப் போங்கோ, பார்த்துச் சொல்லுறம்" என்று கேட்டுவிட்டு அடுத்த இரவு பஸ்ஸில் திரும்ப வேண்டும். பிறகு எடுக்கப் போக இன்னொரு தடவை. விலையில் மிச்சம் பிடித்தது முழுக்க அதில் போய்விடும்.

எனக்கே நடந்தது. ஒரு கடையில் வாங்கிய மொனிட்டர் இரண்டாம் மாதம் கோடு விழுந்தது. வாரன்டி அட்டையில் கொம்பனிப் பெயர் பெரிதாக இருந்தது. ஆனால் பொறுப்பு இறக்குமதியாளருடையது, அவர் ஏற்க வேண்டுமானால் அசல் பெட்டி வேண்டும் என்றார்கள். பெட்டியில் கோழிக்குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே இங்கே வாங்கினாலும் அங்கே வாங்கினாலும் கேளுங்கள்: வாரன்டி யாருடையது, கொம்பனியினதா, இறக்குமதியாளரினதா, கடையினதா? பழுதானால் யாழ்ப்பாணத்தில் கையளிக்கலாமா? பற்றரிக்கும் அடாப்டருக்கும் எத்தனை மாதம்? சொன்ன விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா? 18 வீதம் சின்னத் தொகை இல்லை. இங்கே கையேற்கும் கடை கொஞ்சம் கூடச் சொன்னால், நான் என்றால் கொடுப்பேன்.

பழைய அலுவலக லப்டொப் வாங்கலாமா? பிரயோசனம் உண்டா?

என்னைக் கேட்டால் காசுக்கேற்ற பெறுமதி அதிகமாகக் கிடைப்பது இதில்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தாண்டியபோது புதியது வாங்க முடியாமல் போனவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள், வந்தவர்கள் அவ்வளவாக வருந்தவில்லை. புதிய மலிவு லப்டொப்பின் விலைக்கு, மூன்று நான்கு வருடம் ஏதோ ஒரு அலுவலகத்தில் குளிரூட்டிக்குக் கீழே இருந்த, உலோக உடம்புள்ள ஒன்று கிடைக்கும்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. கடைக்காரர் முன்னாலேயே மெசினை நிறுத்திப் போட்டு, பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முதல் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்ததும் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வரவேற்றால் அதுவும் அதே கதை. மக்கில் முன்னைய சொந்தக்காரர் கணக்கை நீக்காமல் விற்றிருந்தால் அக்டிவேஷன் லொக் விழுந்திருக்கும், அந்தச் சொந்தக்காரரையோ அப்பிளையோ தவிர யாராலும் திறக்க முடியாது. "அதை எடுத்துத் தரலாம்" என்று சொல்கிறவரிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

பற்றரியைப் பற்றிக் கடைக்காரர் "நல்லாய் நிக்கும்" என்பார். விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கலாம். செய்யும் போதிருந்த கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் பிடிக்கும் அளவு என இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதியென்றால் பற்றரி விலையைக் கழித்துப் பேசுங்கள். திரையை முழு வெள்ளையாக்கி மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் எதையாவது செருகிப் பாருங்கள். கீபோர்டில் எல்லாக் கட்டையையும் ஒரு தடவை தட்டுங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.

மாற்றுப் பற்றரி, அடாப்டர் வாங்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள். சில லப்டொப்புகள் அடாப்டரை அடையாளம் கண்ட பிறகுதான் பற்றரியைச் சார்ஜ் ஏற்றும். தெரியாத அடாப்டர் என்றால் புரொசெசரையும் மெதுவாக்கிவிடும். "லப்டொப் திடீரென்று ஸ்லோ" என்று கொண்டுவந்த சிலருக்கு நான் செய்தது அடாப்டரை மாற்றியது மட்டும்.

என்னிடம் 2015இல் வாங்கியது இருக்கிறது. விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம், எறிய வேண்டுமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓடு முடிந்தது. வீட்டுப் பாவனைக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதிலிருந்து ஒரு வருடம், 2026 ஒக்ரோபர் வரை, பதிவு செய்து பெறலாம். எறிய வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள், 4ஜிபி ரேமை 8 ஆக்குங்கள், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் நிறுவுங்கள். இணையம், யூடியூப், சூம் வகுப்பு, லிப்ரே ஒபிசில் கடிதம் எல்லாம் ஓடும். பென்ஷன் எடுத்த ஆசிரியர்கள் சிலருக்கு இப்படிச் செய்து கொடுத்தேன். முதல் கிழமை தினமும் கோல் எடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். வைரஸ் பிடித்தது என்று மாதம் தவறாமல் வந்தவர்கள் இப்போது வருவதில்லை, எனக்குத்தான் நட்டம்.

தமிழில் தட்டச்சு செய்ய எது வசதி?

யுனிகோட் என்றால் விண்டோஸ், மக், லினக்ஸ் எல்லாவற்றிலும் தமிழ்க் கீபோர்ட் உள்ளேயே உண்டு. ஆனால் அச்சகத்துக்கு வேலை செய்கிறவர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளிலும் கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டி மலர் என்று வைத்திருப்பார். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அது ஓடுகிற பழைய விண்டோஸ் மெசின் ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள், புதியதைப் பக்கத்தில் வையுங்கள். புத்தம் புதிய மக்கை வாங்கிவிட்டு "என்ர பழைய பைல் திறக்குதில்லை" என்று வராதீர்கள்.

டெஸ்க்டொப் என்றால் கொம்பனியினதா, அசெம்பிள் செய்ததா?

வீட்டில் இடமும் மேசையும் இருந்தால் அசெம்பிள். கொம்பனி டெஸ்க்டொப்பில் பவர் சப்ளையும் மதர்போர்ட்டும் பல நேரம் அவர்களுக்கே உரிய அளவில் வரும், போனால் அதே மாதிரி தேட வேண்டும். அசெம்பிள் என்றால் ஆஸ்பத்திரி வீதியில் நடந்து போய்ப் பொதுவான ஒன்றை வாங்கிப் பூட்டலாம். ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் போர்ட்டில் முதலாம் தலைமுறை ரைசன் வாங்கியவர்கள் பலர், பயோஸை மட்டும் புதுப்பித்து, ஐந்து வருடம் கழித்து 5000 வரிசைப் புரொசெசரை அதே போர்ட்டில் பூட்டினார்கள். அந்தப் பற்றுக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பவர் சப்ளை. கண்ணாடிப் பெட்டியும் வர்ண வெளிச்சமும் பிறகு பார்க்கலாம். யூபிஎஸ் ஒன்று கட்டாயம். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸும் காப்பாற்றாது. பிளக்கைக் கழட்டுங்கள், ரௌட்டரிலிருந்து வரும் லான் வயரையும் கழட்டுங்கள். பிளக்கைக் கழட்டிவிட்டு லான் வயரை மறந்தவர்களின் மதர்போர்ட்டுகள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

அப்போ நீங்கள் என்ன பாவிக்கிறீர்கள்?

திங்க்பேட். இது மூன்றாவது. கீபோர்டின் நடுவில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும், அதைத் தள்ளினால் சுட்டி நகரும். அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது. சென்ற தடவை வாங்கும்போது அதே வருடத்து, அதே புரொசெசர் உள்ள வேறு கொம்பனி அலுவலக லப்டொப் ஒன்று பன்னிரண்டாயிரம் ரூபா குறைவாக, பற்றரியும் நல்ல நிலையில் இருந்தது. வருகிறவர்களிடம் நான் சொல்லும் எல்லாக் கணக்கின்படியும் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் மனைவி விலையைக் கேட்டபோது, திரை கொஞ்சம் நல்லது என்று சொல்லி வைத்தேன்.